மூன்று படி என்று சொன்னேன்

விழுந்தவுடன் எனக்கு முதலில் வந்தது வெட்கம். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு என்று சொல்வதற்கு இப்போது ஆள் இருக்கிறார்கள். சுவரில் படமும் ஒட்டியிருக்கிறார்கள். விழுந்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் முப்பத்தோரு வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன். அதில் பாதி வருடங்கள், அடிபட்டவர்களை எப்படி நடத்தக் கூடாதோ அப்படித்தான் நடத்தினேன். நானே அடிபட்டுக் கிடந்தபோதுதான் அது புரிந்தது. ஆகவே இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்குப் புதிய சூளைக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசு. வேலி ஓரமெல்லாம் உடைந்த பீங்கான் துண்டுகளின் குவியல். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குவியலின் மேல் வெயில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது.

அன்று கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பலகை அடித்ததில் ஒரு மூலை இறங்கியிருக்கிறது என்று கொத்தனார் கத்தினார். பார்க்கலாம் என்று சாரத்தில் ஏறினேன். சாரத்துப் பலகை ஒரு முனையில்தான் கட்டியிருந்தது. காலையில் வேலையைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியவன் நான். எல்லாப் பலகையையும் கட்டியாயிற்றா என்று பார்க்க வேண்டியவனும் நான். அந்தப் பலகைமேலேயே கால் வைத்தேன். பதினான்கு அடி உயரம். இரண்டு காலும் தரையில் ஊன்ற விழுந்து, அப்படியே மல்லாந்து சாய்ந்தேன்.

அதனால்தான் வெட்கம். சூப்பர்வைசர் விழுந்தால் மொத்த சைட்டும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும். எழுந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் அப்போது மனதில் இருந்த ஒரே எண்ணம். கையை ஊன்றினேன். நான்கு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், ஒருவர் காலைப் பிடித்தார்.

"யாரும் தொடாதீங்க! வுடுங்க அவர!"

ஒரு சித்தாளின் குரல். ஜல்லிச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தலைமாட்டில் மண்டி போட்டாள். என் தலையின் இரண்டு பக்கமும் கையை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். கையில் சிமெண்டுப் பால் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"எந்திரிக்காதீங்க சார். அப்புடியே கெடங்க. கால் வெரல ஆட்டுங்க பாப்போம்."

ஆட்டினேன்.

"ரெண்டு காலும் ஆட்டுங்க. ம்... ஆடுது. இப்ப யாரும் தூக்காதீங்க. ஒரு பலக எடுத்தாங்க. சென்ட்ரிங் பலக, நீளமா."

மேஸ்திரிக்குக் கோபம். "ஏய், நீ என்னா டாக்டரா? கான்கிரீட்டு எறுகிப் போவுது. போயி சட்டியத் தூக்கு."

அவள் எழுந்திருக்கவில்லை. தன் தலை நிழல் என் முகத்தில் விழுகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பலகை வந்தது. மூன்று பேர் ஒரே சமயத்தில் என்னை ஒரு பக்கமாகத் திருப்ப, பலகையை அடியில் தள்ளச் சொன்னாள். களிமண் ஏற்றிவந்த மினி லாரியில் பலகையோடு ஏற்றினார்கள். அவளும் ஏறப் பார்த்தாள். மேஸ்திரி விடவில்லை. லாரி கிளம்பும்போது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அவள் மறுபடி சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. பெயர் தெரியாது. ஏழு வாரம் என் சைட்டில் வேலை செய்தவள்.

அந்தப் பத்து நிமிடம் அவள் இல்லை என்றால் என்னை நான்கு பேர் மூட்டை தூக்குவது போலத் தூக்கி, ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். எங்கள் சைட்டில் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நடத்தியவனும் நான்தான்.

கொண்டுபோன இடம் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் வருவதற்கு முன்னால் காண்ட்ராக்டரின் மேனேஜர் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். மூச்சு வாங்க ஓடிவந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது.

"சார், ஒண்ணும் ஆவாது. எல்லாம் நாங்க பாத்துக்குறோம். ஒண்ணே ஒண்ணு. டாக்டரு கேட்டா வூட்டு படியில வழுக்கிட்டேன்னு சொல்லிடுங்க. சைட்டுன்னு சொன்னா போலீசு, லேபர் ஆபீசுன்னு பெருசாயிடும். வேல நின்னுடும். ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா. அது என்னுடைய வசனம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், கம்பி வளைப்பவர் ஒருவருக்கு உள்ளங்கையில் கம்பி ஏறியபோது, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவரிடம் நான் சொன்னதும் இதேதான். "வூட்டுல வேலி கட்டும்போது குத்திடுச்சுன்னு சொல்லு. எல்லாம் நாங்க பாத்துக்குறோம்." அவர் அப்படியே சொன்னார். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது அவருக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மேனேஜர் சொல்லக் கேட்டபோது அந்தக் கை ஞாபகம் வந்தது. வந்தும் நான் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் ஒன்று. இந்த வேலை போனால் நாற்பத்தேழு வயதில் யார் கூப்பிடுவார்கள் என்ற எண்ணம். அதைவிட, பலகையைப் பார்க்காமல் ஏறியது என் தப்பு என்ற வெட்கம். என் தப்பை மறைக்க அவரே ஒரு வழி கொடுத்தமாதிரி இருந்தது. இதை நினைவில் வையுங்கள். அடிபட்ட நேரத்தில் நமக்குச் சாதகமானது போல ஒருவர் ஒரு பொய்யைக் கையில் கொடுப்பார். வலியில் இருக்கும் ஆளுக்கு அதை வாங்கிக்கொள்வதுதான் சுலபம்.

டாக்டர் வந்தார். வலது குதிகாலைப் பார்த்தார்.

"எப்படி விழுந்தீங்க?"

"வீட்டுப் படியில வழுக்கிட்டேன்."

"எத்தன படி?"

"மூணு படி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மூணு படியில விழுந்தா குதிகால் எலும்பு இப்படி நொறுங்காதே. இன்னும் உயரத்துலருந்து விழுந்தீங்களா?"

மேனேஜர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"மூணு படிதாங்க."

"முதுகு வலிக்குதா?"

வலித்தது. மூச்சை இழுத்தால் வலித்தது. "லேசா" என்றேன். எவ்வளவு உயரம் என்று அவர் மூன்றாவது முறையாகவும் கேட்டார். நான் மூன்றாவது முறையாகவும் மூன்று படி என்றேன். காலை மட்டும் படம் எடுத்தார்கள். முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

அப்போது என் மனைவியும் மகளும் திருச்சியில் இருந்தார்கள். மகள் பிளஸ் டூ. நான் விருத்தாசலத்தில் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் காதர் பாய், பீங்கான் பொம்மையும் ஜாடியும் மொத்த வியாபாரம் செய்பவர். என்னால் மாடி ஏற முடியாது என்று கீழே பின்பக்கத்தில் சரக்கு வைக்கும் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார். மூன்று பக்கச் சுவரிலும் வைக்கோல் திணித்த பெட்டிகள். உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அந்த அறையில் நான் இருபத்திரண்டு நாள் கிடந்தேன்.

மேனேஜர் முதல் வாரம் இரண்டு தடவை ஆப்பிளோடு வந்தார். இரண்டாவது வாரம் ஒரு ஆளிடம் ஹார்லிக்ஸ் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு யாரும் வரவில்லை. மேஸ்திரி வரவில்லை. என்னோடு ஆறு வருடமாகத் தினமும் ஒரே டப்பாவில் ஊறுகாய் எடுத்துச் சாப்பிட்ட கொத்தனார் வரவில்லை. முதலில் கோபமாக இருந்தது. பிறகு யோசித்தேன். கம்பி குத்திய அந்த ஆளை நான் போய்ப் பார்த்தேனா? வீடு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்று தெரியும். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போகவில்லை. அடிபட்டவனைப் பார்க்கப் போனால் அவன் ஏதாவது கேட்டுவிடுவான் என்ற பயம் சைட்டில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு வேலை மும்முரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பகல் நேரம்தான் கஷ்டம். பதினைந்து வயதிலிருந்து பகலில் படுத்துப் பழக்கமில்லாதவன். காலை எட்டு மணிக்கு மிக்சர் ஓட ஆரம்பித்திருக்கும், பத்தரைக்கு டீ வந்திருக்கும் என்று மனசு தானாக மணி பார்த்துக்கொண்டிருக்கும். பாயின் மனைவி காலையில் கஞ்சியும் மதியம் சோறும் கதவோரம் வைத்துவிட்டு, "சார், சாப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குமேல் ஒரு சொல் கேட்க அந்தி ஆகிவிடும். பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து போன் வரும். பாய் ஒயரை இழுத்துப் போனைக் கட்டிலருகே கொண்டுவந்து வைப்பார்.

"வேல அதிகமா? போன வாரம் வரல, இந்த வாரமும் வரல."

"கால்ல லேசா சுளுக்கு. பஸ்ல உட்கார முடியல. அவ படிக்கிறாளா?"

"படிக்கிறா. கொரலு ஏன் ஒரு மாதிரியா இருக்குது?"

"படுத்துக்கிட்டே பேசறேன். வேற ஒண்ணுமில்ல."

போனை வைத்ததும் பாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு மகன்களும் துபாயில். "நானும் எம் பசங்ககிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொல்றேன்" என்றார். "அவனுங்களும் அத்தா, நாங்க நல்லா இருக்கோம்னுதான் சொல்றானுங்க. பெரியவனுக்கு ஆபரேஷன் நடந்தது எனக்கு எட்டு மாசம் கழிச்சித்தான் தெரியும். அதுவும் ஊருக்கு வந்த இன்னொரு பையன் சொல்லி. இப்படியே ஒருத்தருக்கொருத்தர் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம்னு சொல்லிக்கிட்டு, யாருக்கும் யாரப்பத்தியும் ஒண்ணும் தெரியல சார்."

அன்றைக்கு அவர் பேச்சை நான் கேட்டுக்கொண்டதோடு சரி. எனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டாவது நாள் மத்தியானம். கட்டிலில் உட்கார்ந்து இடது காலில் செருப்பை மாட்டினேன். பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்துத் திரும்பிப் பார்த்தால் செருப்பு கட்டிலடியிலேயே கிடக்கிறது. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. காலைக் கிள்ளிப் பார்த்தேன். கனமான துணிக்கு மேலே கிள்ளுவது போல இருந்தது. கட்டுப் போட்டிருந்தது வலது கால். இது அடியே படாத இடது கால்.

படுத்துக்கொண்டு கால் விரலை ஆட்டிப் பார்த்தேன். நான்கு விரல் அசைந்தன. பெருவிரல் பாதிதான் மேலே வந்தது. மறுபடி முயன்றேன். பாதிதான் வந்தது. முதுகு உடைந்திருக்கிறது, அதை நான் மட்டும்தான் மறைத்துவைத்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. யாராவது கேட்டால் சொல்லலாம். கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் மூன்று தடவை பொய் சொல்லி வாயை அடைத்தாயிற்று.

"பாய்!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை. அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பாய், நான் படியில விழல. சைட்ல பதினாலு அடியிலருந்து விழுந்தேன். ஆட்டோ வேணாம். பின்சீட்டுல என்னை நீட்டிப் படுக்கவைக்க முடியாது, வேற வண்டி பாருங்க."

பாய் தன் சரக்கு வேனிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொன்னார். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, என்னைக் கொண்டுபோனார்.

டாக்டர் அதே டாக்டர். நான் சொல்ல ஆரம்பித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "உயரத்துலருந்து காலூன்றி விழுந்தவங்களுக்குக் குதிகால் உடைஞ்சா முதுகையும் படம் எடுத்துப் பார்ப்போம். அதுக்குத்தான் அன்னைக்கு அவ்வளவு தடவ கேட்டேன்" என்றார். படம் எடுத்தார்கள். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படி எழுந்து உட்கார்ந்து நடந்திருந்தால் நரம்பு முழுக்க மாட்டியிருக்கும் என்றார்.

பிறகு அவர் பேனாவை எடுத்தார். "இப்ப நீங்க சொல்றத எழுதினா போலீசுக்குத் தகவல் போகும். யோசிச்சிட்டீங்களா?"

"யோசிக்கத்தாங்க இருபத்திரண்டு நாள் ஆச்சு. எழுதுங்க."

எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். உங்களில் யாருக்காவது அடிபட்டால், முதல் டாக்டரிடம் முதல் தடவையே சொல்ல வேண்டியது இந்த நான்கும்தான். பேச முடியாத நிலை என்றால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். கம்பெனியைக் காட்டிக்கொடுக்கிறோமா என்ற கேள்வியை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிடுங்கள். டாக்டருக்குக் கம்பெனி வேண்டாம், உயரம் வேண்டும்.

அன்று சாயங்காலமே திருச்சிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். உடனே கிளம்பி வருகிறேன் என்று மனைவி போனை வைத்தாள். மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கினாள். அறைக்குள் வந்து, பெட்டிகளையும் ஜன்னலையும் என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மவளுக்குப் பரீட்ச, அவகிட்ட சொல்லல. சரி. பரீட்ச எனக்கா?"

அவள் ஐந்து நாள் இருந்தாள். மகளைத் தனியாக விட்டு வந்ததால் அதற்குமேல் இருக்க முடியவில்லை. போகும்போது, "இனிமே உள்ளத சொல்லுங்க, நான் தாங்குவேன்" என்று மட்டும் சொன்னாள்.

முதுகு கூடிவர நான்கு மாதம் ஆயிற்று. பெருவிரலுக்கு உயிர் மெல்ல மெல்லத் திரும்பியது. இதற்கு நடுவில் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். கம்பெனி தரப்பு பதிலில் நான் எதிர்பார்த்ததுதான் இருந்தது. ஆஸ்பத்திரியின் முதல் சீட்டிலேயே வீட்டுப் படியில் வழுக்கியதாக நானே சொல்லியிருக்கிறேன், சைட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்று தான் ஊரிலேயே இல்லை என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்திருந்தார். கொத்தனார் எதையும் பார்க்கவில்லையாம்.

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்கு எழுத்து இல்லை. ஆள் வருகைப் புத்தகம் எழுதியவன் நான். கொத்தனார்களுக்குப் பெயர் எழுதுவேன். பெண்களுக்கு, 'சித்தாள் – 6' என்று ஒரு வரி. மேஸ்திரி கூட்டிவரும் ஆட்கள்தானே, பெயர் எதற்கு என்று விட்டுவிடுவேன். என் கையெழுத்தில் இருந்த அந்த ஆறு என்ற எண்ணுக்குள் அவள் எங்கேயோ இருந்தாள்.

இடுப்பில் பெல்ட்டும் கையில் குச்சியுமாக அவளைத் தேடிப் போனேன். அந்தக் கோஷ்டியில் சில பெண்கள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே டீக்கடையில் நெற்றித் தழும்பைச் சொல்லிக் கேட்டேன். "கொளஞ்சியா? அது பெண்ணாடத்துல காம்பவுண்டு செவுரு வேலைக்குப் போவுது" என்றார்கள். மறுபடி பஸ் ஏறினேன்.

கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்ற ரோட்டோரத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுமையை இறக்கிவிட்டு, முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"நடக்குறீங்களே சார்" என்றாள். சிரித்தாள். "முதுகு எப்புடி இருக்குது?"

அந்த நான்கு மாதத்தில் சைட் ஆட்களில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. செங்கல் அடுக்கின்மேல் உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள்.

"தூக்கக் கூடாதுன்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வூட்டுக்காரரு சாரத்துலருந்து வுழுந்தாருங்க. ஒடனே ஓடியாந்து கை ரெண்டு பேரு, கால் ரெண்டு பேருன்னு தூக்கனாங்க. தூக்கறதுக்கு முன்னாடி கால ஆட்டுனாரு. நான் பாத்தேன். தூக்கனதுக்கப்பறம் ஆட்டல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருசம் படுக்கையில இருந்தாரு. ஆஸ்பத்திரி சீட்டுல புளியமரத்துலருந்து வுழுந்தாருன்னு எழுதியிருந்துது. எங்களுக்குப் புளியமரமே கெடையாதுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புளியமரத்தைச் சொல்லிக் கொடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் என்னைப் போல ஒருவன். கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருப்பான்.

சாட்சி சொல்ல வா என்று கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சாட்சி கேக்குறாங்களாமே. மேஸ்திரி எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்குறாரு. யாரு போனாலும் அப்பறம் வேலைக்குக் கூப்புட மாட்டாராம்."

"வேணாம்மா. நீ வர வேணாம்."

"என்னிக்கு?"

நாளைச் சொன்னேன். கடலூரில் எந்த இடம் என்றும் சொன்னேன். அவள் செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டாள்.

வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ரொம்ப நாள் இழுத்து, என் பக்கமாகவே முடிந்தது. விருத்தாசலத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நான் வேறு ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தெருவில் பார்த்தால் கொத்தனார் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கொளஞ்சியை அந்த மேஸ்திரி பிறகு கூப்பிடவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் எல்லோரும் வந்து தட்டிக்கொடுப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்ச காலம் தனியாகத்தான் இருக்க வேண்டியிருக்கும். ஆனால் பொய்யைச் சொல்லிவிட்டு அந்தச் சரக்கு அறையில் இருந்த தனிமையும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல.

விசாரணை நாளன்று கடலூருக்குத் தனியாகத்தான் போனேன். அலுவலக வராந்தாவில் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வக்கீலோடு வந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். பதினோரு மணிக்கு மேல், கையில் ஒரு மஞ்சள் பையோடு கொளஞ்சி படியேறி வந்தாள். சலவைச் சேலை. என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். அன்றைய வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டதற்கெல்லாம் நின்றபடி பதில் சொன்னாள். எந்த இடம், எந்தப் பலகை, நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு வக்கீல் எழுந்தார். வருகைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல ஒம் பேரே இல்லையேம்மா?"

"பேரு இல்லீங்க. நான் இருந்தேன்."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். புத்தகத்தில் இருந்தது என் கையெழுத்து.

வக்கீல் விடவில்லை. "சரி. இவரு ஒனக்கு என்ன ஒறவு? வேலையக் கெடுத்துக்கிட்டு இவ்ளோ தூரம் வந்திருக்கியே?"

அவள் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வுழுந்தப்ப பக்கத்துல இருந்தேன்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.